றேடியேற்றரில் பதர்

வளைகுடாவில் ஐந்து வருடம் கார்களுக்கு ஏசி திருத்திவிட்டு வந்து, மல்லாவியில் கராஜ் போட்ட மடையன் நான். ஏசிக் காருக்கு அந்த நாளில் அங்கே எங்கே போவது? உழவு இயந்திரமும் லொறியும்தான் வந்தன. தாயும் தகப்பனும் நான் வெளியில் இருந்தபோதே போய்விட்டார்கள். எனக்குக் கலியாணம் பேசவும் ஆள் இல்லை. கராஜுக்குப் பின்னால் ஒரு அறை, சாப்பிட ஒரு கோப்பை. சில நாட்களில் பொழுதுபடும்வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், குளம் திருத்தும் வேலைக்கு வந்திருந்த எஞ்சினியரின் கார் வந்தது. உள்ளே சாரதி மட்டும்தான். செட்டிகுளத்து ஆள், முப்பது வயது மதிக்கலாம்.

“அண்ணை, ஏசியைப் போட்டா எஞ்சின் கொதிக்குது. நிப்பாட்டினா ஒண்டுமில்லை. ஐயா கொழும்புக்குப் போயிட்டார். திருத்தினாப் பிறகு வீட்டை போ, அதுவரைக்கும் காரை விட்டிட்டு அசையாதை எண்டவர்.”

“வீட்டில என்ன அவசரம்?”

“வெள்ளிக்கிழமை காலமை பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு. தலைமயிர் வழிக்கினம். மூத்த பிள்ளை அண்ணை, நான் இன்னும் முகம் பாக்கேல்லை.”

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். கொம்பிரஷர் டக்கென்று பிடித்தது, பெல்ட் வழுக்கவில்லை. ஐந்து நிமிடம் நல்ல குளிர். பிறகு காற்று வெதுவெதுப்பாகி, சூட்டு முள் ஏறத் தொடங்கியது. ஏசியும் எஞ்சினும் ஒன்றாக வாடினால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் பார்க்க வேண்டும். முன்னுக்கு ஏசியின் சூட்டை வெளியே விடும் வலை, அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் றேடியேற்றர். இடையில் ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். பதர்! அறுவடைக் காலம், எங்கள் சனம் நெற்கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு, வாகனம் ஏறி மிதிக்கட்டும் என்று ஒதுங்கி நிற்கும். கிளம்பிய பதரும் வைக்கல் துரும்பும் மெத்தைபோல் அடைந்து காற்றை மறித்திருந்தன. தண்ணீர் அடித்துக் கழுவினால் ஒரு மணித்தியால வேலை.

“என்னண்ணை, பிடிபட்டுதோ?” என்று பின்னால் நின்று கேட்டான்.

“எஞ்சினுக்குள்ள ஏதோ கோளாறு. காபறேற்றரைக் கழட்டிப் பாப்பம்” என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். வந்த அரைமணிக்குள் மனைவியின் மசக்கையிலிருந்து மாமனாரின் கஞ்சத்தனம்வரை கதைத்துத் தள்ளியிருந்தான். ஒரேயொரு நாள் பக்கத்தில் ஒரு மனுசக் குரல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். வியாழன் காலையில் விட்டாலும் வெள்ளிக்கு முன்னரே போய்விடுவான்தானே. அன்று அவன் சம்பல் இடித்தான், நான் சோறு வடித்தேன். கதைத்துக் கதைத்துச் சிரித்தோம். பாவி நான், சந்தோசமாக இருந்தேன்.

வியாழன் காலை, தேவையே இல்லாமல் கழற்றிய காபறேற்றரைப் பூட்டும்போது, அதன் ஜெற் கைதவறி மணலில் விழுந்தது. பெற்றோல் பாயும் துளையுள்ள, நெல்மணி அளவு பித்தளை; அது இல்லாமல் எஞ்சின் ஓடாது. அவன் அயலில் சுளகு இரவல் வாங்கிவந்து மணலைப் புடைத்தான். இரண்டு பேருமாகப் பின்னேரம்வரை தேடியும் கிடைக்கவில்லை. பஸ் எடுத்து நான் வவுனியாவில் இறங்கியபோது கடைகள் பூட்டியிருந்தன. இரவு அங்கேயே தங்கி, வெள்ளி காலையில் புதிதாக ஒன்று வாங்கிவந்து பூட்டி, பதரையும் கழுவி, காரை அவனிடம் கொடுத்தபோது மத்தியானம் கடந்துவிட்டது.

அடுத்த கிழமை ஒரு பொதி பலகாரத்தோடு வந்தான்.

“மொட்டையோட சிரிக்கிறான் அண்ணை. நான் போகேக்க எல்லாம் முடிஞ்சுது, மாமாதான் மடியில வச்சிருந்தவர். பரவாயில்லை, உங்களில என்ன பிழை?”

அந்தக் கடைசிச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. புதன்கிழமையே பதரைக் கண்டதைச் சொன்னேன். ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன்.

கத்துவான் என்று நினைத்தேன்.

“கேட்டிருந்தா லீவில வந்து ரெண்டு நாள் நிண்டிருப்பனே அண்ணை” என்றான். பிறகு காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகும் அந்தக் கார் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் கராஜைக் கடந்து போனது. சத்தம் கேட்டதும் ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வந்து நின்றேன். ஏசி நன்றாக வேலை செய்தது போலும். ஒருநாளும் கண்ணாடி இறங்கியிருக்கவில்லை.