காற்றுக்கும் அடிக்கும் மணி

துறைமுகத்தில் அவரை எல்லோரும் 'மேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் உச்சியில் உள்ள கண்ணாடி அறைதான் அவர் வேலை பார்க்கும் இடம். பனி இறங்கிய காலைகளில் கீழே கப்பலும் தெரியாது, கரையும் தெரியாது. சரக்குப் பெட்டிகள் வெண்மைக்குள்ளிருந்து மிதந்து வந்து வெண்மைக்குள்ளேயே கரைந்து போகும். யாரோ காணும் கனவுக்குள் தான் மட்டும் விழித்திருப்பதுபோல் அவருக்குத் தோன்றும்.

கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. அபூர்வமான ஒரு தொற்று அவருக்கு இருப்பதாகச் செல்போனில் செய்தி வந்தது. உறுதியானால் இனிமேல் மேலே ஏற முடியாது. வீட்டுக்கு வந்தவர் தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார்.

"என்னங்க, புது மாப்பிள்ளையா? தனித் தட்டு கேக்குது!" என்றாள் மனைவி.

"கிட்ட வராதே. ரத்தத்துல தொத்து இருக்குன்னு மெஷினே சொல்லிடுச்சு."

"மெஷின் சொன்னா உடனே நம்புவீங்க. நான் சொன்னா மட்டும் காதுல ஏறாது. கிளம்புங்க, டாக்டரம்மாகிட்ட போவோம்."

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "இந்த நோய் ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும். டெஸ்ட் அந்த ஒருத்தரை விடாது. ஆனா ஒண்ணுமே இல்லாத ஐம்பது பேரையும் சேர்த்துப் பிடிச்சிடும்."

அவர் கண்ணை மூடினார். கிரேன் உச்சியிலிருந்து பார்க்கும் துறைமுக வாசல் தெரிந்தது. வேலைக்கு வருபவர்களின் மஞ்சள் தொப்பிகள் நதிபோல நகர்ந்தன. அங்கங்கே சில சிவந்து மின்னின. அத்தனை சிவப்பில் ஒன்றுதான் நிஜம்.

"எங்க கிரேன்லயும் பாரம் மீறினா மணி அடிக்கும் டாக்டரம்மா. காத்து ஒரு தள்ளு தள்ளினாலும் அடிக்கும்."

"அடிச்சா கீழே குதிச்சிடுவீங்களா?"

"சேச்சே! பெட்டியை இறக்கி, எடை மேடையில வச்சுப் பார்ப்போம்."

"அந்தப் புத்தி வீட்டுல எங்கே போச்சு?" என்றாள் மனைவி.

"அந்த எடை மேடை மாதிரி இங்கேயும் வேற ஒரு டெஸ்ட் இருக்கு," என்று சிரித்தார் டாக்டரம்மா.

முடிவு வரும்வரை அவருக்குத் துறைமுகத் தரையில்தான் வேலை. தரை அவருக்குப் பழக்கமில்லாத ஊர்போல இருந்தது. தலைக்கு மேலே அவருடைய கிரேனை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. தனித் தட்டு அடுக்குக்குத் திரும்பியது.

மறுநாள் காலை மேலே ஏறினார். அதே பனி. முதல் பெட்டியைத் தூக்கியதுமே மணி அடித்தது. காற்றாகத்தான் இருக்கும் என்று மனம் சொன்னது. அவர் பதறவும் இல்லை, மனம் சொன்னதை நம்பிவிடவும் இல்லை. பூப்போலப் பெட்டியை இறக்கி, எடை மேடைப் பக்கம் திருப்பினார்.