கேசட்டின் மறுபக்கம்

எனக்கு அப்போது எட்டு வயது. குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த தாய்மாமா, மூன்று வருடம் கழித்து நாமக்கல்லில் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு விளையாட்டுச் சாமான்கள். ஒன்று, டிவியில் மாட்டியதும் ஆடக்கூடிய வீடியோ கேம் பெட்டி. மற்றது கம்ப்யூட்டர், டேப்ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டு அதில் ஆட்டத்தை ஏற்ற வேண்டும். ஒன்று எனக்கு, இன்னொன்று ஆத்தூர்ப் பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு.

"பெட்டிய எடுத்துக்க சாமி. போட்டதும் ஆடலாம். இது ரொம்பக் காக்க வெக்கும்" என்றார் மாமா.

பெரியவர்கள் வேண்டாம் என்பதில்தான் விஷயம் இருக்கும் என்று நம்பிய வயது. இரண்டையும் ஆடிப் பார்த்துத்தான் சொல்வேன் என்றேன்.

பெட்டி ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டது. மத்தியானம், மாமா குளிக்கப் போன சமயம், கம்ப்யூட்டரை எடுத்துவைத்துக் கேசட்டைப் போட்டேன். காதைக் கிழிக்கும் கீச்சொலி. டிவியில் வண்ணக் கோடுகள் துடித்தன.

"அதென்ன புள்ள, பேய் கத்தறாப்ல?" என்று சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்.

ஆட்டம் அருமையாக இருந்தது. மறுபக்கம் வேறு ஆட்டம் இருக்கும் என்று கேசட்டைத் திருப்பிப் போட்டேன். இந்த முறை கீச்சொலி வரவில்லை. யாரோ மூச்சுவிட்டார்கள். வெகு அருகில். பிறகு ஒரு சிறுவனின் சிரிப்பு.

"சாமீ, வாரேனுங்க!"

எங்கள் ஊர்ப் பேச்சுதான். ஆனால் எங்கள் ஊர் நாக்கு இல்லை. ஒவ்வொரு எழுத்தும் எங்கோ இடறி விழுந்தது. ஓடிவரும் காலடிச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, சட்டென்று நின்றது.

"வா சாமி" என்றது என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரல். திரும்பினேன். ஈரத் தலையோடு வாசற்படியில் மாமா. அவர் என்னைப் பார்க்கவில்லை. டேப்ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பெட்டியே போதும்" என்று அழுதுகொண்டு ஓடினேன்.

சாயங்காலம் அம்மா அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "கேசட்டுல பேசறது கார் ஓட்டுன ஊட்டுப் பையனாமுங்க. தம்பி கூடவேதான் திரிவானாம். காய்ச்சல்ல போயிட்டானாம். அவன் கம்ப்யூட்டர இவங்கிட்டயே குடுத்துட்டாங்களாம்."

ஆத்தூருக்குக் கம்ப்யூட்டர் போகவேயில்லை. மத்தியான வேளைகளில் மாமா அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அந்தச் சிரிப்பு கேட்கும். கூடவே மாமா பேசுவதும் கேட்கும். பயம் போய் எனக்குப் பொறாமை வந்தது. என்னைச் சேர்த்துக்கொள்ளாமல் மாமா தனியாக விளையாடுகிறார் என்று அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன்.