ஒரிஜினல் சைலன்சர்

பல்செட்டுக்காரர் என்றால்தான் அந்தப் பழைய வண்டிக் கூட்டத்தில் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேரை அங்கே யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. பிளாஸ்டர் தூள் படிந்த மேஜை, மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, அலமாரி நிறைய ஊர்க்காரர்களின் தாடை அச்சுகள். புதிதாக உள்ளே வருகிறவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளே வேறு. மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்கின் கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வண்டியோடு கூடுவார்கள். கூடி என்ன செய்வார்கள்? சண்டை போடுவார்கள். எந்தக் காலத்து வண்டி நல்ல வண்டி என்பதுதான் சண்டை. வாரா வாரம் அதே சண்டை, அதே ஆட்கள், ஒருத்தரும் ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. ஓய்வுபெற்ற தபால்காரருக்கு ஒற்றை சிலிண்டர் காலத்தோடு உலகம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தையல் மெஷின் என்பார். நர்ஸம்மா ஒருத்தி, பட்டனைத் தொட்டதும் கிளம்பும் இந்தக் காலத்து வண்டிக்காரி. "உதைச்சு உதைச்சு முட்டி தேஞ்சு கடைசில எங்க வார்டுக்குத்தான் வரப்போறீங்க, பாத்துக்குங்க" என்று வாரினால் தபால்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பல்செட்டுக்காரர் எண்பதுகளின் ஆள். இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் போதும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் மனுஷன் இப்படித் தொண்டை கிழியக் கத்தியதற்குக் காரணம் வேகமும் இல்லை, புகை வாசனையும் இல்லை. சொன்னால் கேலி செய்வார்கள் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. நாம் சொல்லிவிடலாம். அவருக்கு வேண்டியிருந்தது அவர் மனைவியின் பேச்சு.

கல்யாணமான புதிதில் அந்த வீடு ஆட்களால் பிதுங்கியது. அம்மா, அப்பா, தம்பிகள், தங்கை. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தையை வேறு யாராவது பேசிவிடுவார்கள். அதனால் பேச்செல்லாம் வண்டியில்தான். ஊருக்கு வெளியே நீர்த்தேக்கத்துக்கு ஏறும் சாலையில், பின்னால் உட்கார்ந்து, அவர் தோளில் கையை ஊன்றி, காதோரம் குனிந்து அந்த அம்மாள் கொட்டித் தீர்ப்பாள். மாமியார் மேல் உள்ள வருத்தம், வேலை செய்கிற இடத்துச் சிரிப்பு, பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பேர், அவர் மேலேயே உள்ள கோபம், ஒன்று பாக்கி இருக்காது. அவர் "ம்" என்பார். மறுபடி "ம்" என்பார். வாழ்க்கையிலேயே அவர் சந்தோஷமாக இருந்த இடம் எது என்று கேட்டால் அந்தச் சாலையைத்தான் காட்டுவார்.

பிறகு மகள் பிறந்தாள், கார் வந்தது, வண்டி கொட்டகைக்குள் போனது. தம்பிகள் தனிக்குடித்தனம் போனார்கள், மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். இப்போது வீட்டில் பேசுவதற்கு இடம் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது, பேச்சுதான் இல்லை. "மாத்திரை போட்டாச்சா?" "ம்." "கேட்டப் பூட்டியாச்சா?" "ம்." தீர்ந்தது. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அம்மாள் இன்னும் ஒடுங்கிப்போனாள். மனசில் ஏதோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்து போய்விடுவாள்.

அவருக்குத் தோன்றியது ஒரே யோசனை. வண்டியைப் பழையபடி ஆக்கி இவளைப் பின்னால் ஏற்றிவிட்டால் பேச்சும் பழையபடி வந்துவிடும். சிரிக்காதீர்கள். ஏங்கிப்போன மனுஷனுக்கு இதைவிட நல்ல யோசனை வராது.

பெயின்ட் அடித்தார், இன்ஜினைப் பிரித்து மாட்டினார், பங்குக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப்பித்த வண்டியைக் கூட்டத்திலுள்ள ஆடிட்டர் சுற்றி வந்து பார்ப்பார். அந்த வருஷத்தில் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருந்தால் தலையாட்டுவார். உடனே எல்லோரும் தங்கள் வண்டிகளை ஒரே நேரத்தில் கிளப்பி மரியாதை செய்வார்கள். தொழிலில் கூட அவர் கணக்கை இவ்வளவு கறாராகப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

டார்ச் அடித்துக் குனிந்தவர் நிமிரும்போதே உதட்டைப் பிதுக்கினார். "மத்ததெல்லாம் சரி. சைலன்சர் இந்த வண்டியோடது இல்லையே?"

"அது ஆரம்பத்துலயே ஓட்டையாயிடுச்சுங்க. மெக்கானிக் வேற ஏதோ வண்டியோடத மாட்டிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னாடியே."

"அப்ப இது எண்பதுகளோட வண்டி இல்ல சார். ஒட்டுப்போட்ட வண்டி."

சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து பல்செட்டுக்காரர் ஒரிஜினல் சைலன்சருக்காக அலையாத பழைய இரும்புக் கடை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேடி, ஒரு ஜோடியைப் பிடித்தேவிட்டார். கழற்றிய பழசை அந்தக் கடைக்காரனிடமே தள்ளிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு ஆடிட்டர் தலையாட்ட, பங்குக் கூரை அதிர அத்தனை வண்டிகளும் உறுமின. "சத்தம்னா இதுதான்யா சத்தம்!" என்று தபால்காரரே ஒப்புக்கொண்டார். அதற்குமேல் என்ன வேண்டும்?

அன்று சாயங்காலமே மனைவியைக் கூப்பிட்டார். டாக்டரும் சரி என்று சொல்லியிருந்தார். காது திறந்திருக்கும் பழைய மாடல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "விழுந்தா உங்களத்தான் கேப்பேன்" என்றபடி மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். தோளில் கை விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, பின்னால் இருப்பவளுக்கு அது தெரியாது.

நீர்த்தேக்கச் சாலை ஏற ஆரம்பித்ததும் அவள் பேசினாள். ஆமாம், பேசினாள்! காதோரம் மூச்சுச் சூடு பட்டது. "அன்னிக்கு..." என்பது கேட்டது. "நீங்க..." என்பது கேட்டது. மீதியை இரண்டு சைலன்சர்களும் விழுங்கிவிட்டன. வேகத்தைக் குறைத்தார், வண்டி வெடி வெடியாய் வெடித்தது. கூட்டினார், அலறியது. பாவி மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலம் அவர் கேட்ட எண்பதுகளின் சத்தம், எந்த வண்டிக்கோ செய்த அந்தச் சாதுவான சைலன்சரின் சத்தம். உண்மையான எண்பதுகளில் பக்கத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது போலிருக்கிறது. அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். இவர் கேட்காததற்கெல்லாம் "ம்", "ம்" என்று தலையை ஆட்டினார்.

மேலே போய்ச் சேர்ந்து இறங்கியபோது அவள் கண் சிவந்திருந்தது.

"வெறும் 'ம்' தானா? இத்தன நாளா நெஞ்சுல வெச்சிருந்ததச் சொன்னேன். ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

சமாளித்திருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை. "ஒண்ணுமே கேக்கலம்மா. இந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல."

"அப்பறம் எதுக்குத் தலையாட்டினீங்க?"

"பேசறத நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்."

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கெஞ்சினார். "இன்னொரு தடவ சொல்லேன். இப்பச் சொல்லு."

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியும்னா வீட்டுலயே சொல்லிருப்பேனே."

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தார். வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அவள் ஏறிக்கொண்டாள். முன்னால் சாலை பாலம் வரைக்கும் இறக்கமாகக் கிடந்தது. கிக்கரில் வைத்த காலை அவர் எடுத்துவிட்டார். நியூட்ரலில் போட்டு, காலால் உந்தி, இன்ஜினைக் கிளப்பாமலே வண்டியை உருளவிட்டார். டயர் சத்தமும் காற்றும் மட்டும்தான்.

"சொல்லு. நான் திரும்ப மாட்டேன்."

முதல் வளைவு தாண்டியது. அதற்குப் பிறகு, காதோரத்தில், பழைய குரலிலேயே சொன்னாள்.

"ஆபரேஷனுக்கு என்னத் தள்ளிட்டுப் போறப்ப ஜன்னல் வழியா பாத்தேன். கீழ யாரோ ஒருத்தர் வண்டிகிட்ட நீங்க குனிஞ்சு நின்னு பேசிட்டிருந்தீங்க. நான் செத்தாலும் இந்த மனுஷன் வண்டியத்தான் பாத்துட்டிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டே உள்ள போனேன்."

அவர் பிரேக்கைப் பிடித்து வேகத்தை இன்னும் குறைத்தார்.

"உன்ன அந்தக் கட்டில்ல பாக்க முடியல. வேற எதையாவது பாக்கலன்னா அங்கயே அழுதிருப்பேன்."

"அத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நான் மட்டும் மூஞ்சியப் பாத்துச் சொல்றவனா?"

தோளில் இருந்த கை ஒருமுறை இறுகியது. பாலம் வந்தது, இறக்கம் முடிந்தது, வண்டி தானாக நின்றது. அவர் ஒரு காலை ஊன்றி, வீட்டுப் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பினார். பின்னாலிருந்து அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வீட்டுக்கு வேணாம். மறுபடி மேல போங்க. இன்னும் பாதி இருக்கு."