மூன்றாவது விளக்கக் கடிதம்

சோனுன் வாசல் கதவைத் திறந்தபோது மணி ஐந்தே முக்கால். இரவில் பெய்த பனி முழங்கால்வரைதான் கிடந்தது. நாரின் மலைப்பக்கம் வாழ்க்கைப்பட்டுப் பதினெட்டு வருஷம் ஆனவளுக்கு அதெல்லாம் ஒரு பனியா? சந்து முனையைப் பார்த்ததும்தான் வாயிலிருந்து ஒரு வசவு ஆவியோடு சேர்ந்து வெளியே வந்தது.

அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு பனிமேடு. வானம் கொட்டியது அல்ல, டிராக்டர் தள்ளிவிட்டுப் போனது. விடியற்காலை நாலு மணிக்கே வந்து, ஊர்த் தலைவர் வீட்டு வாசல்வரை பெரிய ரோட்டைத் துடைத்து வைத்த மாதிரி சுத்தம் பண்ணியிருந்தார்கள். வாரிய பனி முழுவதையும் பதினோரு வீடுகள் இருக்கிற இந்தச் சந்தின் வாயில் அடைத்திருந்தார்கள். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை!

சோனுன் பாலர் பள்ளியில் சமையல் செய்கிறாள். ஆறரைக்கு நிலக்கரி அடுப்பைப் பற்ற வைத்தால்தான் எட்டு மணிக்கு நாற்பத்தாறு குழந்தைகளுக்குக் கஞ்சி கிடைக்கும். பெற்றவர்கள் இருட்டிலேயே மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி வைக்க ஓடுகிறவர்கள். பாதிப் பிள்ளைகள் வெறும் பால் டீயோடு வந்து நிற்கும். பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட அந்தக் கஞ்சி தவறியதில்லை. ஆனால் புதிதாகச் சுவரில் மாட்டிய வருகைப்பதிவு மெஷினுக்குக் கஞ்சியைப் பற்றி என்ன தெரியும்? ஆறரை தாண்டினால் சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்தால் விளக்கக் கடிதம். ஏற்கெனவே இரண்டு எழுதிவிட்டாள். இரண்டிலும் ஒரே காரணம்தான்: பனி.

"மூணாவது கடிதம் கோப்புல ஏறிச்சுன்னா வேலை போயிடும், சோனுன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத" என்று தலைமை ஆசிரியை நாசிரா சொல்லியிருந்தாள்.

சோனுன் நிலக்கரி அள்ளும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சந்துக்குள் குளிர்காலம் முழுவதும் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குத்தான் பனியை வெட்டி வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் இடுப்பளவு பனிச்சுவர். அந்தப் பாதையில் அவளுக்கு முன்னால் ஒரு கைத்தடி போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது, கணவனின் சித்தப்பா இமானாலி. எழுபத்தாறு வயது. விடியல் தொழுகைக்கு மசூதிக்குப் போகிறார். ஓர் அடி, ஒரு மூச்சு, மறுபடி ஓர் அடி.

அந்த ஊரில் மருமகள் பெரியவர்களை முந்த மாட்டாள், அவர்கள் முன்னால் குறுக்கே போக மாட்டாள். பதினெட்டு வருஷத்தில் சோனுன் ஒரு தடவைகூட முந்தியதில்லை. அவள் இருமினாள்.

"யாரது?"

"நான்தான் மாமா."

"வா வா. அவசரமே இல்ல, மெதுவா வா. வழுக்கும்" என்றார் அவர், மருமகள் எவ்வளவு அடக்கமாகப் பின்னால் வருகிறாள் என்ற பெருமையோடு. "நான் பட்டாளத்திலேருந்து வந்த வருஷம் பெஞ்சுது பாரு ஒரு பனி..."

சோனுன் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பனி பெய்து முடிப்பதற்குள் மணி ஆறே கால் ஆகிவிட்டது.

மேட்டடிக்கு வந்ததும் இமானாலி நின்றார். கைத்தடியால் குத்திப் பார்த்தார். "யாரு பண்ணுன வேலை இது?"

"தலைவர் வீட்டுக்கு ரோடு போட்டிருக்காங்க மாமா. நமக்குச் சுவரு."

"மண்வெட்டியைக் குடு."

"நீங்க வெட்டறதா? ஊரு என்னைக் காறித் துப்பும்."

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பனிச்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். "நான் ஒட்டடை மாதிரி ஓரமா தொங்கறேன். நீ என்னைத் தாண்டிப் போகல. சரியா? வெட்டு!"

அவள் வெட்டினாள். டிராக்டர் அழுத்திய பனி கல் மாதிரி இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் தலைவரை ஒரு வார்த்தை திட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி வந்தது. வந்த அதே நிமிஷத்தில் ரோட்டில் மஞ்சள் விளக்கு தெரிந்தது. டிராக்டர் இரண்டாவது சுற்று வருகிறது! இன்னும் இருபது அடி வந்தால் வெட்டியதெல்லாம் மறுபடி மூடிக்கொள்ளும்.

"டேய், நிறுத்துடா!" என்று கத்தினாள். டிராக்டர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

இமானாலிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வழி திறந்தது, மசூதி ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தன் பாட்டுக்கு ரோட்டில் இறங்கி நடந்தார். ஓர் அடி, ஒரு மூச்சு.

டிராக்டர் நின்றது. ஹாரன்கூட அடிக்கவில்லை. ஓட்டுகிற பையன் மெதெர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்து காத்திருந்தான். இவ்வளவு நேரம் தன்னைக் கட்டிப்போட்ட அதே மரியாதை அத்தனை பெரிய இரும்பையும் கட்டிப்போடுவதை சோனுன் பார்த்தாள்.

"மாமா, அங்கயே நில்லுங்க!"

"ஏம்மா?"

"சும்மா நில்லுங்க. நகராதீங்க."

அவர் ரோட்டு நடுவில் கைத்தடியை ஊன்றி நின்றார். சோனுன் டிராக்டர் கதவை மண்வெட்டியால் தட்டினாள்.

"உன் பொண்ணு எங்க கஞ்சி குடிக்கிறா மெதெர்?"

"உங்க பள்ளிக்கூடத்துலதான் அக்கா."

"இன்னிக்குக் கஞ்சி இல்ல. தலைவர் வாசல்ல போய் நக்கச் சொல்லு. அங்கதான் பளபளன்னு இருக்கு."

"அக்கா, நான் என்ன பண்ண? அவர் காரு வெளிய வரணும், பனியை எங்கயாவது தள்ளுன்னு சொல்றாங்க."

"எங்கயாவதா! பதினோரு வீட்டு வாசல் உனக்கு எங்கயாவதா? எதிர்ல அத்தனை பெரிய வயக்காடு சும்மா கிடக்கு, அது உன் கண்ணுல படலையா?"

"அந்தப் பக்கம் தள்ளணும்னா வண்டியைத் திருப்பணும்க்கா. நேரமாகும்."

"ஓ, உனக்கு நேரமாகுமா!"

அவள் மண்வெட்டியால் கதவை இன்னொரு தடவை தட்டினாள்.

ரோட்டிலிருந்து இமானாலி கேட்டார், "நான் இன்னும் நிக்கணுமா?"

"நில்லுங்க மாமா!"

"நிக்கறேன். கால்தான் மரத்துப் போச்சு. நீ திட்டு, நல்லாத்தான் இருக்கு."

மெதெர் வண்டியைத் திருப்பினான். மேடு முழுவதையும் வாரி வயல் பக்கம் தள்ளினான். மொத்தம் ஆறு நிமிஷம். வெறும் ஆறு நிமிஷ வேலை! "ஏறுங்கக்கா, பள்ளிக்கூட வாசல்லயே இறக்கிவிடறேன்" என்றான்.

ஆனால் பெரியவர் இருக்கும்போது அவள் எப்படி முதலில் போவது? வண்டியில் இருந்த ஒரே இருக்கையில் இமானாலி உட்கார்ந்தார். சோனுன் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். முதலில் மசூதி, அப்புறம்தான் பள்ளி. மெஷின் முன்னால் முகத்தைக் காட்டியபோது மணி ஆறு ஐம்பத்திரண்டு. சிவப்பு.

வழக்கமான பாதி அடுப்புக்குப் பதில் முழு அடுப்பையும் மூட்டி, இரண்டு பாத்திரமாகப் பிரித்துக் கிண்டி, எட்டு மணிக்குக் கஞ்சியை இறக்கினாள். நாற்பத்தாறு கிண்ணம். மெதெரின் மகள் இரண்டாவது தடவை கேட்டாள். சோனுன் நிறையவே ஊற்றினாள்.

எட்டரைக்கு நாசிரா வந்தாள். தலைவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவள். பூட்ஸில் ஒரு பொட்டுப் பனி இல்லை. மெஷினைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், வெள்ளைத்தாளை நீட்டினாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? எழுது."

சோனுன் நின்றபடியே எழுதினாள். 'பனி காரணம் இல்லை. ஊர்த் தலைவரின் கார் வெளியே வருவதற்காக எங்கள் சந்தின் வாயை இந்த மாதம் மூன்று தடவை அடைத்தார்கள். அதை நான் நிலக்கரி மண்வெட்டியால் வெட்டினேன். திறக்க டிராக்டருக்கு ஆறு நிமிஷம் போதும். சாட்சி: இமானாலி, வயது எழுபத்தாறு.' கீழே கையெழுத்து.

நாசிரா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"இதை எப்படிக் கோப்புல வைக்கிறது? மாசக் கடைசியில கோப்பு தலைவர் மேஜைக்கில்ல போகும்? வழக்கம்போல பனின்னு எழுதிடேன்."

"பனின்னு எழுதுனா என் வேலை போகும். இதுதான் நடந்தது. இதையே வைங்க."

"என் வேலையும் சேர்ந்து போகும்டி!"

நாசிரா தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். மெஷினில் இன்றைய தேதிக்கு எதிரே 'மின்தடை' என்று பதிந்தாள்.

"போ. நீ இன்னிக்கு நேரத்துக்குத்தான் வந்த."

வேறு யாராக இருந்தாலும் தப்பித்தோம் என்று ஓடியிருப்பார்கள். சோனுனுக்குக் கோபம் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கதவுவரை போனவள் திரும்பி வந்தாள், கையை நீட்டினாள்.

"அந்தப் பழைய ரெண்டு கடிதத்தையும் குடுங்க. அதுலயும் பொய்தான் எழுதியிருக்கேன். திருத்தித் தரேன்."