ஹெட்விகாவின் நீல நத்தைகள்

என் அக்கா ஹெட்விகாவின் பேரைச் சொன்னால் எங்கள் ஓலமோட்ஸ் ஊரில் பாதிப் பேர், "அந்த டிராம் ஓட்டுற அம்மாவா? ஐயோ, அந்த வாய்!" என்பார்கள். பொய் இல்லை. தண்டவாளத்தின் மேல் காரை நிறுத்தியவன் வக்கீலாக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி, ஜன்னலைத் திறந்து இரண்டு வார்த்தை கேட்காமல் விடமாட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பகலெல்லாம் ரோட்ல திட்டிட்டு வந்து வீட்லயும் ஒருத்தனைத் திட்டணுமா? தெம்பு இல்லடி" என்பாள்.

நான் மூன்றாம் மாடி, அவள் நான்காம் மாடி. அவள் குரல் இறங்கி நான் கேட்டது ஒரே இடத்தில்தான். மற்றவர்கள் டிவி வைக்கும் இடத்தில் அவள் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தாள். அதன் முன்னால் உட்கார்ந்தால் குழந்தையிடம் பேசுவது போலப் பேசுவாள். உள்ளே சிவப்பு இறால்கள், விரல் நகத்தளவு. "இத்தனூண்டை வறுத்தா பல்லிடுக்குக்குக் கூடப் பத்தாதே" என்று ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது இறால் மேல் இல்லை, நத்தைகள் மேல். செடியோடு ஒட்டி வரும் சாதாரணக் குளத்து நத்தைகள்தான். மற்றவர்கள் அவற்றைக் கண்ணாடியோடு வைத்து நசுக்குவார்கள். அவள் தொட்டியில் ஒருமுறை ஒரு நத்தைக்கு ஓடு லேசாக நீலம் பூத்திருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்தாள். அதன் குஞ்சுகளில் நீலம் கூடினதை வைத்துக்கொண்டு, பழுப்பை வேறு பாட்டிலுக்கு மாற்றினாள். வருஷக்கணக்காக இதே வேலை. கடைசியில் தொட்டி முழுக்க மழைமேக நீலம். நத்தை என்றாலே முகம் சுளிக்கும் நானே நின்று பார்ப்பேன் என்றால் பாருங்கள்.

ஊரில் மீன் வளர்ப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது, எல்லாம் ஆம்பிளைகள். வசந்தத்தில் கண்காட்சி நடத்துவார்கள். "நத்தைக்காரி" என்று அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர்கள், போன வருஷம் ஒருவழியாக மனசு இறங்கி, அடுத்த கண்காட்சியில் அவளுக்கென்று தனி மேசை தருவதாகச் சொன்னார்கள். டிராம் பணிமனையில் இதை அவள் சொல்லாத ஆள் இல்லை. எங்கள் தபால்காரருக்குக்கூட அந்த மேசை தெரியும்.

அந்த நீலத்தை அவள் வெளியில் கொடுத்தது ஒரே ஒருவருக்கு. ஓட்டகார் என்று ஒரு பூட்டுக்காரர், சங்கத்தில் மூத்தவர், அதிர்ந்து பேசமாட்டார். எல்லாரும் சிரித்தபோது சிரிக்காத மனுஷன் அவர்தான். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு ஜாம் பாட்டிலில் ஒரு கைப்பிடி நத்தை கொண்டுபோய், "இந்தாங்க, என் பிள்ளைங்க, பத்திரம்" என்று கொடுத்தாள். அவர் கண் கலங்கிவிட்டதாம்.

இப்படி இருக்கையில்தான், இலையுதிர்காலத்தில் ஒரு நாள், காலை வண்டி ஓட்டிவிட்டு வந்தவள் மேலிருந்து கத்தினாள். "ராட்கா! ராட்கா, மேல வாடி!" வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு ஓடினேன். திருடன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

அவள் உள்ளங்கையில் ஒரு நத்தை ஓடு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இடுக்கியை அதன் வாய்க்குள் விட்டு எதையோ இழுத்தாள். தட்டையாக, சாம்பல் நிறத்தில், வழவழவென்று ஒன்று நீண்டுகொண்டே வந்தது. நத்தை உள்ளே இல்லை. நத்தை இருந்த இடத்தில் அது இருந்தது.

"அட்டை" என்றாள் அக்கா. அவள் உதடு வெளுத்திருந்தது.

அதை மல்லாக்கத் திருப்பினாள். கடவுளே! வயிற்றுக்கடியில் நூல் துணுக்கு போலக் குஞ்சுகள், ஒன்றோடொன்று நெருக்கி, எல்லாமே நெளிந்துகொண்டிருந்தன. கத்தியை அவள் சோபாவிலேயே போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் தொட்டி மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடியில் எங்கே பார்த்தாலும் வெறும் ஓடுகள். "இத்தனை நாளா தூங்குதுங்கன்னுல்ல நினைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதற்கப்புறம் அவள் செய்யாத வைத்தியம் இல்லை. ஓட்டை போட்ட குப்பியில் மாட்டு ஈரல் துண்டு வைத்து முக்கினாள். காலையில் குப்பியில் அட்டை மொய்த்திருக்கும். மகிழ்ச்சியோடு கொண்டுபோய் உப்பில் கொட்டுவாள், ஆனால் மறுநாளும் அதே கூட்டம் வரும். இடுக்கியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நல்ல நத்தைகளைப் பிரித்துப் பாட்டிலில் விட்டாள். அவற்றின் ஓட்டுக்குள்ளேயே அட்டைக்குஞ்சு இருந்து தொலைத்தது.

"மருந்து கிருந்து இல்லையாக்கா?" என்றேன்.

"இருக்கு. இறாலை ஒண்ணும் பண்ணாது. அட்டையைக் கொல்லும்." இடுக்கியைக் கீழே வைத்தாள். "நத்தையையும் கொல்லும்."

அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் கோபம்தான் வரும்.

சங்கம் மாதாமாதம் ஸ்டேஷன் பக்கத்து பீர் கடையின் பின்னறையில் கூடும். அங்கே பன்றித் தொடைக்கறி நன்றாக இருக்கும் என்று நானும் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். ஓட்டகார் வழக்கம்போல எல்லாருக்கும் கொடுக்கத் தன் தொட்டியில் வளர்த்த பாசியைப் பை பையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்கா உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவருடைய பீருக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"இது உங்க வீட்டுச் சரக்கு. பாத்துக்கோங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "என்னம்மா இது?"

"அட்டை. கோடையில பாசி கொடுத்தீங்களே, அதோட வந்த இலவசம்."

"என் தொட்டியில அட்டை கிடையாதும்மா."

"கிடையாதாம்! அப்ப வானத்துலேருந்து விழுந்துச்சா? இல்ல, நான் குளத்துல முங்கி எழுந்து வந்தேனா? வெளியிலேருந்து ஒரு இலைகூட நான் உள்ள விடுறதில்ல. உங்க பாசி ஒண்ணுதான் போச்சு. கண்ணு தெரியலைன்னா எதுக்குத் தொட்டி வச்சுக்கிட்டு ஊரைக் கெடுக்கிறீங்க?"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏற்கெனவே பாசிப் பையை வாங்கி மடியில் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அதை மேசையில் திருப்பி வைத்தார்கள். சங்கத் தலைவர் தொண்டையைக் கனைத்து, "ஓட்டகார், எதுக்கும் ஒருதரம் மருந்து போட்டுடுங்களேன்" என்றார். ஓட்டகார் பைகளை எண்ணாமல் அள்ளித் தோள்பையில் போட்டுக்கொண்டார். பாதி பீர் அப்படியே இருக்க, எழுந்து போய்விட்டார்.

"ஏன்க்கா, ஒரு மனுஷன்கிட்ட இப்படியா பேசுவே?" என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"என் நத்தைங்க செத்துக்கிட்டிருக்குடி. உனக்கு மரியாதை முக்கியமா?"

கடைசி நீல நத்தை, பனி விழத் தொடங்கிய வாரத்தில் போயிற்று. அன்றைக்கு அவள் டிராமில் மணியடித்ததைத் தவிர வேறு சத்தமே எழுப்பவில்லையாம். கூட வேலை செய்கிறவர்கள் பயந்துபோய் எனக்கு போன் செய்தார்கள். இனி இழக்க ஒன்றுமில்லை என்று மருந்தைக் கொட்டினாள். அட்டைகள் சுருண்டு மிதந்தன. தொட்டி சுத்தமாயிற்று, இறால்கள் பிழைத்தன, நீலம்தான் இல்லை.

"ஓட்டகார்கிட்ட இருக்குமில்ல, கேளேன்" என்றேன்.

"அந்த ஆளுகிட்டயா? அங்கயும் அட்டைதான் மேயும்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வாய் விட்டுக் கேட்கத்தான் முடியவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. சதுக்கத்தில் தொட்டி தொட்டியாகக் கெண்டை மீன் இறக்கினார்கள். பண்டிகை விருந்துக்குக் கெண்டைதான், சமைக்கும்வரை அதைக் குளியல் தொட்டியில் நீந்தவிடுவது ஊர் வழக்கம்; நாங்களும் உயிரோடு ஒன்று வாங்கி வந்தோம். எங்கள் வீட்டில் குளியல் தொட்டி இல்லை, ஷவர்தான். அதனால் வருஷா வருஷம் மீன் அக்கா வீட்டில் இருக்கும், அக்கா குளிக்க எங்கள் வீட்டுக்கு வருவாள். கெண்டை அவள் குளியல் தொட்டியில் ஜம்மென்று கிடந்தது. அவளுக்கு அதன் மூச்சுதான் கவலை. "பாவம்டி, வாயை வாயைத் திறக்குது பாரு" என்று சொல்லி, இறால் தொட்டியிலிருந்து காற்று விடும் பஞ்சு வடிகட்டி ஒன்றை எடுத்துக் குளியல் தொட்டியில் ஓடவிட்டாள். கொன்று வறுக்கப் போகிற மீனுக்கு இந்த ராஜமரியாதை.

விருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி; அன்று காலை என் புருஷன் வில்லெம் மீனை அடிக்கக் கட்டையோடு மேலே வந்தான். மீனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, "அண்ணி, தண்ணியைத் திறந்துவிடுங்க" என்று சமையலறைக்குப் போனான். அக்கா அடைப்பானைப் பிடுங்கினாள். தண்ணீர் இறங்கிற்று. வெள்ளைத் தொட்டியின் அடியில் குளத்துச் சேறு கொஞ்சம், அறுந்த பாசி கொஞ்சம். அந்தப் பாசியிலிருந்து ஒன்று தலையை நீட்டி, எட்டி வைத்து எட்டி வைத்து நகர்ந்தது.

அக்கா பஞ்சைத் தூக்கித் திருப்பினாள். அதன் அடியிலும் ஒரு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் அலறினேன். அவள் அலறவில்லை. பஞ்சையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன வருஷமும் கெண்டைக்குப் பஞ்சு வச்சேன்" என்றாள் மெதுவாக.

"அப்புறம் அந்தப் பஞ்சை என்னக்கா பண்ணினே?"

"அலசிட்டு... திரும்பத் தொட்டியில வச்சேன்."

சமையலறையில் வில்லெமின் கட்டை ஓங்கி விழுந்தது. அக்கா அப்படியே குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நிமிஷத்தில் கோட்டை மாட்டிக்கொண்டாள். ஒரு கையில் அட்டை போட்ட பாட்டில், இன்னொரு கையில் நான் சுட்டு வைத்திருந்த வெனிலா பிஸ்கட் தட்டு. தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். ஓட்டகார் கதவைத் திறந்தார், கையெல்லாம் உருளைக்கிழங்கு சாலட்.

"உள்ள வாங்க, சூடு வெளிய போகுது" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

"ஓட்டகார், தப்பு என்னோடது. அட்டை எனக்குக் கெண்டையோட வந்திருக்கு. உங்க பாசியில ஒண்ணுமே இல்ல. அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசிட்டேன். என்னைத் திட்டுங்க. நல்லாத் திட்டுங்க."

நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். "சாகப்போற மீனுக்கு மூச்சுவிட வசதி பண்ணிக் கொடுத்த ஒரே ஆளு இந்த ஊர்ல நீதாம்மா. விடு. பண்டிகை நாளும் அதுவுமா."

அக்கா அழுதாள். நான் பார்க்க அவள் அழுதது அன்றைக்குத்தான். மூக்கைச் சிந்திவிட்டு, சிரித்துக்கொண்டே, "அப்ப துணிஞ்சு கேட்டுடுறேன். என் தொட்டி இப்ப சுத்தம். உங்ககிட்ட இருக்கிற நீலத்துல நாலஞ்சு கொடுங்க. கண்காட்சிக்குள்ள பெருகாது, போகட்டும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுடுவேன்" என்றாள்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அப்போதுதான் நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். முன்பு தொட்டி இருந்த மேசையில் இப்போது கிறிஸ்துமஸ் மரம் நின்றது.

"நீதானேம்மா சொன்னே" என்றார். "எனக்குக் கண்ணு தெரியலைன்னு. வேற யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். சொன்னது நீயாச்சே, சரியாத்தான் இருக்கும்னு மருந்து போட்டேன். காலையில நத்தை எல்லாம் அடியில கிடந்துச்சு. எடுக்க எடுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. அழுகித் தண்ணி கெட்டு, இறாலும் போச்சு."

"அட்டை?" என்றாள் அக்கா. "ஒரு அட்டையாவது மிதந்துச்சா?"

"பூதக்கண்ணாடி வச்சுத் தேடினேன். ஒண்ணுகூட இல்ல."

உள்ளே போய் ஒரு ஜாம் பாட்டிலோடு வந்தார். அவள் கொடுத்த அதே பாட்டில். அது நிறைய, கழுவிக் காயவைத்த ஓடுகள். "உன் பிள்ளைங்க. தூக்கிப்போட மனசு வரல. நீலம்தான் நிக்கலம்மா, செத்ததும் வெளுத்துடுச்சு."

அக்கா அந்தப் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ராத்திரி விருந்தில் அவள் தட்டில் கெண்டைத் துண்டு அப்படியே ஆறிக் கிடந்தது.

புத்தாண்டு கழிந்து சங்கம் கூடியபோது அவள் மறுபடி அந்தப் பின்னறைக்குப் போனாள். நானும் போனேன், இந்த முறை கறிக்காக இல்லை. குளியல் தொட்டியில் பிடித்த அட்டையை அவள் கொல்லாமல் வைத்திருந்தாள். எல்லாரும் உட்கார்ந்ததும் அந்தப் பாட்டிலை அதே இடத்தில், அதே மேசையில் வைத்தாள்.

"இது என் வீட்டுச் சரக்கு" என்றாள். டிராம் ஜன்னலிலிருந்து கேட்கும் அதே குரல். "என் கெண்டையோட வந்தது. ஓட்டகார் தொட்டி சுத்தமா இருந்துச்சு. அதைக் கொன்னது நான். கண்காட்சியில எனக்குன்னு சொன்ன மேசையை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

தலைவர் ஓட்டகாரின் நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. பாசிப் பைகளோடு எழுந்து போனதற்குப் பிறகு ஓட்டகார் சங்கத்துக்கு வரவே இல்லை.