இரண்டு புள்ளிக்காரர்

பஜ்ஜித் தட்டு வந்துவிட்டது. குமரகுருபரன் சாப்பிடவில்லை, பஜ்ஜிகளை வரிசையாக அடுக்கி, இரண்டுக்கு நடுவே சுட்டுவிரலை வைக்கிறார். “வெட்டு பஜ்ஜி மேல விழக்கூடாது வே. இடுக்குலதான் விழணும்.” பாளையங்கோட்டை மார்க்கெட் டீக்கடையில் இந்தப் பிரசங்கத்தை, ஆறிப்போன பஜ்ஜியோடு, எத்தனையோ மாலை கேட்டிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் சென்டரில் என்னோடு வேலை பார்க்கும் வாத்தியார். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஃபிளாப்பி இருக்கும். மழை வந்தால் தலையை நனையவிட்டு அதைக் கைக்குட்டையில் சுற்றுவார். அதில் இருப்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட அவரே உண்டாக்கிய மொழி. பெயர் பொருநை. உலகத்தில் அதைப் பயன்படுத்தும் ஒரே ஜீவன் அவர் மனைவி கோமு டீச்சர். வகுப்பு மார்க் பட்டியலை அதில்தான் போடுவார்.

போன மாதம் பொருநையில் ஒரு புது வசதி சேர்த்தார். நீளமான வரிசையில் வேண்டிய துண்டை மட்டும் நறுக்கி எடுக்கலாம்: தொடக்க எண், இரண்டு புள்ளி, முடிவு எண். ஆனால் முடிவு எண்ணுக்கு முந்திய ஆளோடு நின்றுவிடும். “அப்பத்தான் ஒரு துண்டு முடியுத இடத்துல அடுத்தது தொடங்கும். ஒட்டே தெரியாது வே!” சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கோமு டீச்சர் தன் நாற்பது பிள்ளைகளுக்கு 1..40 என்று அடித்தார். வேறு எப்படி அடிப்பார்? வகுப்பில் பட்டியலை வாசித்தால் நாற்பதாவது சுடலைவடிவின் பெயரே இல்லை. ஃபெயிலாகிவிட்டோம் என்று நினைத்து அந்தப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுதிருக்கிறது.

டீச்சர் நேரே டீக்கடைக்கே வந்துவிட்டார். “எம் புள்ள அங்கன அழுதுட்டு நிக்கா. நீங்க இங்கன பஜ்ஜி அடுக்குதியளா?”

“நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கணும் கோமு.”

“இல்லாத புள்ளைய எதுக்கு எண்ணணும்? நம்ம ஊர்ல வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள். ரெண்டு வெள்ளியயும் சேத்துதான எண்ணுதோம்? இனி நான் கையாலயே எழுதிக்கிடுதேன்.”

குமரகுருபரனுக்கு முகம் சுண்டிவிட்டது. இருக்கிற ஒரே ஆளும் போய்விட்டால் பொருநை யாருக்கு? எனக்கே பாவமாக இருந்தது. பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து சென்டருக்கு நடந்தார்; நாங்களும் பின்னால் போனோம். இரண்டு புள்ளி வைத்தால் கடைசி ஆளும் உண்டு என்று மாற்றினார். பிடிவாதம் சும்மா போகுமா? தன் பழைய கணக்குக்கு மூன்று புள்ளி வைத்துக்கொண்டார். “மூணு புள்ளி எனக்கு, ரெண்டு புள்ளி ஒனக்கு.” டீச்சர் சிரிக்கவில்லை, கிளம்பவும் இல்லை. உட்கார்ந்து, பழையபடி 1..40 என்றே அடித்தார்.

பிரிண்டர் கிறீச்சிட்டுத் தள்ளிய தாளைக் குமரகுருபரன்தான் கிழித்தெடுத்தார். முதல் ரேங்க் யார் என்று பார்க்கவில்லை. நேராக அடிவரிக்குப் போன விரல் சுடலைவடிவின் பெயர் மேலேயே நின்றது. மை ஒட்டும் என்று டீச்சர் சொல்லியும் எடுக்கவில்லை.