ஷேக் தாவூதும் எரியாத பச்சை விளக்கும்

அவனியாபுரத்தில் இணைய சேவை மையம் வைத்திருக்கும் ஷேக் தாவூதுக்கு வயது ஐம்பத்திரண்டு. இதில் அவர் பயப்படாமல் கழித்த நாட்களை எண்ண ஒரு கை போதும், விரல் மிஞ்சும். இருபத்தைந்து வயதில் துபாய்க்கு விசா வந்தபோது, விமானம் ஏறப் பயந்து கோரிப்பாளையத்து வீட்டில் காய்ச்சல் என்று மூன்று நாள் படுத்துக்கொண்டார். அப்படிப்பட்டவர் கடை போட்ட இடம், விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தலைக்கு மேலே போகும் அவனியாபுரம். வாடகை குறைவு என்று தரகர் சொன்னார். வேண்டாம் என்று தரகரிடம் சொல்லப் பயமாக இருந்தது.

ஊரார் பட்டா, ஆதார், வாரிசுச் சான்று என்று எதைக் கொண்டுவந்தாலும் ஆன்லைனில் ஏற்றிக் கொடுக்கும் அவர் சட்டைப் பையில் இருப்பது பட்டன் போன். தொடுதிரை போன் வைத்திருந்தால் எவனோ ஒருவன் கண்காணாத ஊரில் உட்கார்ந்தபடி பேங்க் கணக்கைத் துடைத்து எடுத்துவிடுவான் என்பது அவர் நம்பிக்கை. பேங்க் கணக்கில் துடைக்க என்ன இருக்கிறது என்று அவர் மனைவி நுஸைபா கேட்டதுண்டு. அப்போதெல்லாம் அவர் கடைக்குக் கிளம்பிவிடுவார். நுஸைபாவிடமும் பயம்தான்.

பயந்தவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று ஒரு கருத்து உலவுகிறது. தவறு. துணிந்தவன் எப்போதாவது ஒரு பொய் சொல்வான். பயந்தவன் நாளுக்கு நாலு சொல்வான். ஜல்லிக்கட்டுப் பதிவு முடிவதற்கு முந்தின நாள் மாலை ஷேக் தாவூது சொன்ன பொய் அவருடைய சாதாரணக் கணக்கில் சேராது. அது சீனியம்மாளிடம் சொன்ன பொய்.

சீனியம்மாளுக்கு மூன்று எருமை, ஒரு செவலைக் காளை, தெருமுனை வரை கேட்கும் ஒரு குரல். தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் வாடிவாசலில் அவிழ்த்து விடுவதற்கென்றே அந்தச் செவலையை நான்கு வருடம் வளர்த்திருந்தாள். போன வருடம் அதன் காலில் வீக்கம், போக முடியவில்லை. இந்த வருடம் மருத்துவர் சான்று கைக்கு வந்துவிட்டது. மிச்சம் ஆன்லைன் பதிவு மட்டும்தான். பதியாத காளைக்கு டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லாத காளை வாசலில் நின்று வைக்கோல் தின்னலாம்.

முந்தின நாள் மாலை காளையின் படம், சான்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருந்தபோது, தெருவில் வாய்க்கால் தோண்டிய பொக்லைன் கேபிளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.

"முடிஞ்சுருச்சா பாய்?" என்று வாசலில் இருந்து கேட்டாள் சீனியம்மாள்.

"முடிஞ்சுருச்சுக்கா. நாளைக்குச் சாயங்காலம் வந்து பேப்பர் வாங்கிக்கங்க."

அவள் அவரைவிட ஏழு வயது இளையவள். அக்கா என்பது வயதைப் பார்த்து வந்த சொல் அல்ல.

விடிந்தால் கேபிள் சரியாகிவிடும் என்று நினைத்தார். விடிந்தது. மதியமும் ஆனது. தெரு முழுக்க எந்தக் கடையிலும் நெட் இல்லை. மாலை ஐந்து மணியோடு பதிவை மூடுகிறார்கள். மூன்றரை மணிக்கு ஷேக் தாவூது செத்த கேபிளை மறுபடியும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அப்போதுதான் மேசை டிராயருக்குள் கிடக்கும் டாங்கிள் ஞாபகத்துக்கு வந்தது. கட்டைவிரல் அளவு வெள்ளை மோடம். உள்ளே ஒரு சிம் போட்டு கம்ப்யூட்டரில் செருகினால் நெட் வரும். கேபிள் வந்த பிறகு அதைத் தொடவில்லை என்றாலும் மாதாமாதம் ரீசார்ஜ் மட்டும் தவறியதில்லை. நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு இன்று அவர் நன்றி சொன்னார்.

செருகினார். பச்சை விளக்கு எரியவேண்டும். எரியவில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தில் செருகிப் பார்த்தார். எரியவில்லை. சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்துத் திரும்பப் போட்டார். டாங்கிள் தூங்கியது.

கோரிப்பாளையத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அக்கா மகன் அசீமுக்குப் போன் போட்டார்.

"சிவப்பா எரியுதா, பச்சையா எரியுதா மாமா?"

"எதுவுமே எரியலடா."

"டிவைஸ் மேனேஜர்ல போய்ப் பாருங்க. மோடம்னு பேர் காட்டுதா?"

"காட்டல."

"அப்ப கம்ப்யூட்டருக்கு அது இருக்கிறதே தெரியல. ஒரு தடவை அணைச்சுப் போடுங்க."

இந்த உலகத்தில் கெட்ட நேரம் என்று ஒன்று இருப்பதை நம்பாதவர்கள் அவசரத்தில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்க்கவேண்டும். திரை நீலமாகி, எதையோ புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், என்னை அணைத்துவிடாதே என்றது. பன்னிரண்டு சதவீதம். ஷேக் தாவூது அதன் முன்னால் கைகட்டி நின்றார். பதிமூன்று சதவீதம்.

முப்பத்தொன்று சதவீதத்தில் சீனியம்மாள் உள்ளே வந்தாள். மணி நாலு ஐந்து.

"பேப்பர் குடுங்க பாய்."

"பிரிண்டர்ல மை காயணும்க்கா. செத்த உக்காருங்க."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கமாக உட்கார்ந்ததும் ஊர்க்கதை வரும். இன்று வாயைத் திறக்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு திரையையே பார்த்தாள். கத்தும் சீனியம்மாளை ஷேக் தாவூதுக்குப் பழக்கம். பேசாத சீனியம்மாள் அவருக்குப் புதிது.

கடையின் மறுபாதியில் தையல் மெஷின் போட்டிருக்கும் முருகம்மாள், கால்மிதியை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாடகையில் பாதி அவள் தருவது. அதனால் அங்கு நடக்கும் எதிலும் பாதி அவளுக்குச் சொந்தம் என்பது அவள் எண்ணம்.

நாலு இருபத்தேழுக்குக் கம்ப்யூட்டர் கண்விழித்தது. டாங்கிள் விழிக்கவில்லை. போன் அடித்தது.

"மாமா, வந்துச்சா?"

"அந்தச் சாமான் இன்னும் எந்திரிக்கல," என்றார் ஷேக் தாவூது, குரலைத் தாழ்த்தி.

"எந்தச் சாமான்?" என்றாள் சீனியம்மாள்.

"வீட்ல லைட்டுக்கா. பியூஸ் போயிருச்சாம்."

"என்ன மாமா உளர்றீங்க? சரி, அதோட முனையில அந்த இரும்பு வாய் இருக்குல்ல, உள்ள தூசி கீசி அடைச்சிருக்கான்னு பாருங்க."

அவர் மேசைக்கு அடியில் குனிந்து டாங்கிளை உருவினார். இரும்பு வாய்க்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டித்திருந்தது. நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். சந்தனம்.

"முருகம்மா, இங்க செத்த வா."

முருகம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் குற்றம் எதுவும் இல்லை.

"ஆமா பாய். ஆயுத பூசைக்கு நாந்தான் வச்சேன். என் மெஷினுக்கு வைக்கையில உங்க சாமானுக்கும் வச்சேன். மவுசு, பிரிண்டரு, கத்திரிக்கோலு, அம்புட்டுக்கும். நீங்க சரி வையின்னுதானே சொன்னீக."

சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படுவாளோ என்று பயந்து சொல்லியிருந்தார்.

"வச்சது சரி. வாய்க்குள்ள எதுக்கு வச்ச?"

"அதுக்கு நெத்தி எதுன்னு தெரியல. மூடியைக் கழட்டுனா வாய் மாதிரி இருந்துச்சு. அதுலயே குழைச்சு வச்சுட்டேன். நல்லா நிறையவே வச்சேன், உங்களுக்கு யாவாரம் பெருகட்டும்னு."

ஷேக் தாவூதுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். கோபத்துக்கு இடம் விடாமல் பயம் நிரம்பியிருந்தது. மணி நாலு முப்பத்தி நாலு.

முருகம்மாள் மெஷினில் பஞ்சு தட்டும் சிறு பிரஷையும் ஓர் ஊசியையும் எடுத்து வந்தாள். ஊசி முனையால் அவள் கிளற, அவர் ஊதினார். "மெல்ல, மெல்ல," என்று அசீமின் குரல் போனுக்குள் இருந்து பிரசவம் பார்ப்பதுபோல் வழிகாட்டியது. திரும்பச் செருகினார்கள். சிவப்பு விட்டு விட்டு எரிந்தது. அணைந்தது. முருகம்மாள் தரையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் அதை இடப்பக்கமாக அழுத்தினாள். பச்சை.

"விரலை எடுத்துறாத," என்றார் ஷேக் தாவூது.

"எம்புட்டு நேரம் பாய்?"

"அஞ்சு மணி வரைக்கும்."

எல்லாவற்றையும் முதலில் இருந்து ஏற்றவேண்டியிருந்தது. செவலையின் படம், சான்று, சீனியம்மாளின் ஆதார். ஒற்றைக் கோடு சிக்னலில் காளை திரையில் கொம்பு கொம்பாக ஏறியது. முதலில் கொம்பு, பிறகு திமில், அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. முருகம்மாளுக்குத் தும்மல் வந்தபோது பச்சை ஒருமுறை சிமிட்டியது. அந்த ஒரு நொடியில் ஷேக் தாவூதின் உயிர் கோரிப்பாளையம் வரை போய்த் திரும்பியது. திரையைச் சீனியம்மாளுக்கு மறைக்கிறமாதிரி தோளைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அவள் கேட்கவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு வால் வந்தது. கடைசிப் பொத்தானை அமுக்கினார்.

சீனியம்மாளின் இடுப்பில் போன் கூவியது.

அதை அவர் மறந்தே போயிருந்தார். பதிவை உறுதிசெய்யும் ரகசிய எண் காளைக்காரரின் போனுக்குத்தான் போகும்.

சீனியம்மாள் சுருக்குப்பையில் இருந்து போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்தாள்.

"ஆறு நம்பர் வந்திருக்கு பாய். யாருக்கும் சொல்லாதேன்னும் போட்டிருக்கு."

"எனக்குச் சொல்லலாம்க்கா."

"எதுக்கு?"

திரையின் ஓரத்தில் மூன்று நிமிடம் பின்னோக்கி ஓடத் தொடங்கியிருந்தது. ஷேக் தாவூதுக்கு நாக்கின் நுனியில் ஒரு பொய் தயாராக நின்றது. டோக்கனுக்காக, பேப்பருக்காக என்று ஏதாவது ஒன்று. அதைச் சொன்னால் அவள் நம்பவும் கூடும். நம்பாவிட்டால் நிமிடங்கள் போய்விடும். எந்தப் பயம் பெரியது என்று அவர் முதன்முறையாக எடைபோட்டுப் பார்த்தார்.

"நேத்து பதியலக்கா. நெட்டு போயிருச்சு. முடிஞ்சுருச்சுன்னு பொய் சொன்னேன்."

மேசைக்கடியில் இருந்து முருகம்மாள் விரலை எடுக்காமல் தலையை மட்டும் நீட்டினாள்.

"தெரியும்," என்றாள் சீனியம்மாள். "பக்கத்து வீட்டுச் சின்னான் காளையைப் பதிஞ்சதும் நேத்து சாயங்காலமே மெசேஜ் வந்துருச்சு. எனக்கு வரல. ராவெல்லாம் போனைக் கையிலயே வச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"அப்ப வந்ததுமே கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா நீ இன்னொண்ணு சொல்லுவ. அதையும் நம்பிட்டு வீட்டுக்குப் போயிருவேனோன்னு பயம். அதான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இந்தத் தெருவில் தனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்து வாழ்ந்த மனிதருக்கு இது செய்தி. ஆனால் செய்தியை ரசிக்க ஒரு நிமிடம் நாற்பது நொடிதான் மிச்சம்.

"நம்பரைச் சொல்லுங்கக்கா."

"உனக்குச் சொல்ல மாட்டேன். நகரு. நானே அடிக்கிறேன்."

அவர் எழுந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்தாள், விசைப்பலகையைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதைத் தொடுகிறாள்.

"மேல் வரிசையில இருக்குக்கா."

"பஸ் நம்பர் பாக்கத் தெரிஞ்சவதான். நீ சும்மா இரு."

நாலு. ஒவ்வொரு எண்ணுக்கும் போனை ஒருமுறை, திரையை ஒருமுறை பார்த்தாள். ஒன்பது. ஷேக் தாவூது பின்னால் நின்று கைகளைத் தானே பிடித்துக்கொண்டார். விட்டால் அவை போய்த் தட்டிவிடும். ஐம்பது நொடி. இரண்டு. இரண்டு.

"பாய், விரல் மரத்துப் போச்சு," என்று கீழிருந்து முருகம்மாள்.

"மரக்கட்டும்," என்றார்கள் இருவரும்.

ஏழு. கடைசி எண்ணுக்கு அவள் விரல் காற்றில் நின்றது. ஒன்றா ஏழா என்று போனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பதினெட்டு நொடி. ஒன்று.

"இப்ப அந்தப் பெரிய பொத்தானைத் தட்டுங்கக்கா."

தட்டினாள். வட்டம் சுற்றியது. நேற்று நின்றுபோன அதே வட்டம். மூவரில் யாரும் கண்ணை இமைக்கவில்லை. பிறகு திரை வெளுத்து, பச்சைப் பட்டையில் பதிவு எண் ஒன்று வந்து நின்றது. அவள் போன் மறுபடியும் கூவியது. மணி நாலு ஐம்பத்தைந்து.

ஷேக் தாவூது பிரிண்டரை ஓட்டினார். தாள் வெளியே வந்ததும் இரண்டு கையாலும் நீட்டினார். இனி திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

சீனியம்மாள் தாளை வாங்கினாள். அதில் இருந்த எண்ணையும் போனில் இருந்த எண்ணையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். நாற்காலியைவிட்டு எழவில்லை.

"போகலையாக்கா?"

"அஞ்சு மணி ஆகட்டும். நடுவுல அழிச்சுட்டாங்கன்னா? இதோ இந்த எழுத்து இங்கயே இருக்கான்னு பாத்துட்டுப் போறேன்."

அப்படியெல்லாம் அழிக்கமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"முருகம்மா, இன்னும் அஞ்சே நிமிசம். விரலை எடுத்துறாத."